ஒரு டவர், முப்பது டிஷ்கள்: பாயிண்ட் டு மல்டிபாயிண்ட் ரேடியோ அமைப்பை நிறுவி நிர்வகிக்க முழுமையான வழிகாட்டி

மாலை ஏழு மணி ஆனால் போதும், ஒரு செக்டரில், அதாவது டவரின் ஓர் ஆன்டெனா பார்க்கும் பகுதியில், இருந்த முப்பது பேருக்கும் இணையம் நத்தையாக ஊரும். டவருக்கு வரும் இணைப்பில் பாதிக்கு மேல் காலியாகவே கிடந்தது. டவரிலுள்ள ரேடியோவான ஆக்சஸ் பாயிண்ட்டின் செயலியும் சும்மாதான் இருந்தது. இரண்டு நாள் ரௌட்டரையும் சுவிட்சையும் குடைந்து சலித்த பிறகுதான், கிளையன்ட் (வீட்டு முனை ரேடியோ) பட்டியலைச் சிக்னல் வரிசைப்படி அடுக்கிப் பார்க்கத் தோன்றியது. கடைசி வரிசையில் ஒரே ஒரு கிளையன்ட் −84 டிபிஎம்மில் தொங்கிக்கொண்டிருந்தது. (டிபிஎம் சிக்னல் திறனின் அளவு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் பலவீனம்.) ஏதோ வேலையாகக் கூரையில் ஏறியவர் டிஷ்ஷை இடித்துத் திருப்பிவிட்டிருக்கிறார். அந்த வீட்டுக்காரரோ மாலை முழுவதும் பெரிய கோப்புகளைப் பதிவிறக்குபவர். டிஷ்ஷைப் பழைய திசைக்குத் திருப்பி இறுக்கினோம். முப்பது பேருக்கும் சரியாகிவிட்டது.

இரண்டே முனைகள் பேசிக்கொள்ளும் பாயிண்ட் டு பாயிண்ட் இணைப்பில் ஒரு முனை கெட்டால் அந்த இணைப்போடு போயிற்று. பாயிண்ட் டு மல்டிபாயிண்ட்டில் ஒரு ஆக்சஸ் பாயிண்ட்டின் நேரத்தை எல்லாக் கிளையன்ட்களும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். எனவே ஒருவருடைய பலவீனம் எல்லோருடைய செலவில் போய் விழுகிறது. எதை அமைத்தாலும், எதை மாற்றினாலும், இந்தப் பங்கீட்டை மனத்தில் வைத்தே செய்ய வேண்டும்.

காற்று நேரம் என்னும் கணக்கு

ஓர் எளிய உதாரணம் போடுவோம். 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் இரண்டு முனைவாக்கத்துடன், அதாவது அலை அதிரும் இரண்டு திசைகளில் தனித்தனித் தரவோட்டத்துடன், இயங்கும் 802.11என் என்ற வைஃபை வகை ரேடியோவின் உச்ச மாடுலேஷன் (அலையில் தரவை ஏற்றும் முறை; சிக்னல் கெடக் கெட இது தாழும்) வேகம் நொடிக்கு 130 மெகாபிட். இரண்டு தரவோட்டங்கள் இருக்கும் அதே ரேடியோ மிகத் தாழ்ந்த மாடுலேஷனுக்கு இறங்கினால் 13 மெகாபிட். இப்போது இரண்டு கிளையன்ட்கள் ஆளுக்கு 5 மெகாபிட் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சிக்னலில் இருப்பவருக்கு 5 மெகாபிட் கொடுக்க ஆக்சஸ் பாயிண்ட்டின் நேரத்தில் சுமார் 4 விழுக்காடு போதும். கெட்ட சிக்னலில் இருப்பவருக்கு அதே 5 மெகாபிட் கொடுக்க 38 விழுக்காடு போய்விடும். இது நெறிமுறையின் கூடுதல் சுமைகளையெல்லாம் தள்ளிவிட்டுப் போட்ட கணக்கு. நடைமுறையில் இதைவிட மோசமாகவே இருக்கும். அப்படிப்பட்டவர்கள் மூன்று பேர் சேர்ந்தால் மற்ற இருபத்தேழு பேருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

வேகத் திட்டத்தில் 5 மெகாபிட் என்று வரம்பு வைத்தால் இது தீராது. வரம்பு கட்டுவது பிட்டுகளை, தீர்ந்துபோவதோ நேரம். சிக்னல் போதாத வீட்டுக்கு இணைப்பு கொடுக்க மறுப்பதுதான் சரியான முடிவு. மறுக்க மனம் வராதவர்களே பிறகு செக்டர் முழுவதற்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் படி: காகிதத்தில் இணைப்புக் கணக்கு

ஏணியை எடுப்பதற்கு முன் பேனாவை எடுங்கள். வெட்டவெளியில் சிக்னல் இழப்பை டெசிபலில் சொல்லும் சூத்திரம்: 32.44 + 20 லாக் (கிலோமீட்டரில் தூரம்) + 20 லாக் (மெகாஹெர்ட்ஸில் அதிர்வெண்). தூரம் 5 கிலோமீட்டர், அதிர்வெண் 5800 மெகாஹெர்ட்ஸ் என்றால் இழப்பு சுமார் 121.7 டெசிபல்.

ஆக்சஸ் பாயிண்ட் 20 டிபிஎம் திறனில் அனுப்புகிறது, செக்டர் ஆன்டெனாவின் ஆதாயம் (சிக்னலை ஒரு திசையில் குவிக்கும் அளவு) 16 டிபிஐ. ஆக மொத்தம் காற்றில் இறங்குவது 36 டிபிஎம். கிளையன்ட் டிஷ்ஷின் ஆதாயம் 23 டிபிஐ. 36 − 121.7 + 23 = −62.7. அதாவது கிளையன்ட்டில் −63 டிபிஎம் அளவில் சிக்னல் வர வேண்டும். ரேடியோவின் தரவுத் தாளில் உச்ச மாடுலேஷனுக்கு −75 தேவை என்று போட்டிருந்தால் உங்களிடம் 12 டெசிபல் கையிருப்பு இருக்கிறது. பத்துக்குக் கீழே போனால் நான் அந்த வீட்டுக்கு இன்னும் பெரிய டிஷ் கேட்பேன்.

இந்த −63 என்ற எண்ணை எழுதி வையுங்கள். கூரைமேல் நின்று டிஷ்ஷைத் திருப்பும்போது எங்கே நிறுத்துவது என்று சொல்லப்போவது இந்த எண்தான்.

எதிர்த்திசைக் கணக்கையும் போடாமல் விடாதீர்கள். காற்றில் இறங்கும் திறனுக்கு இரு முனையிலும் 36 டிபிஎம் என்ற ஒரே வரம்பு இருந்தால், 23 டிபிஐ டிஷ்ஷில் கிளையன்ட் தன் திறனை 13 டிபிஎம்முக்குக் குறைத்தாக வேண்டும். டவரில் வந்து சேருவது 36 − 121.7 + 16 = −69.7. டவரிலிருந்து வீட்டுக்கு வரும் இறங்குதிசையைவிட 7 டெசிபல் குறைவு. இரண்டு ஆன்டெனாக்களின் ஆதாய வேறுபாடு அப்படியே வந்து விழுகிறது. அதோடு டவரின் உச்சியில் இருக்கும் ஆன்டெனா நான்கு பக்கத்து இரைச்சலையும் கேட்கிறது; வீட்டுக் கூரையில் இருக்கும் டிஷ் கேட்பதில்லை. வீட்டிலிருந்து டவருக்குப் போகும் ஏறுதிசை எப்போதும் முதலில் நொண்டுவதற்குக் காரணம் இதுதான். வரம்புகள் நாட்டுக்கு நாடு, அலைவரிசைக்கு அலைவரிசை மாறும். ரேடியோவில் நாட்டுக் குறியீட்டைச் சரியாக வைத்து, ஆன்டெனா ஆதாயத்தையும் சரியாக நிரப்பினால் பெரும்பாலான ரேடியோக்கள் வரம்பைத் தாமே கடைப்பிடிக்கும். அதிகத் திறன் கிடைக்கிறதே என்று வேறு நாட்டுக் குறியீட்டைப் போடுபவர்கள் உண்டு. அது சட்ட மீறல். அக்கம்பக்கத்து அமைப்புகளுக்கும், கடைசியில் உங்கள் இன்னொரு செக்டருக்கும் நீங்களே கொடுக்கும் தொல்லையும்கூட.

கண்ணுக்கு டவர் தெரிந்தால் மட்டும் போதாது. ரேடியோ அலை நூல்போலப் போவதில்லை. நடுவில் உப்பிய சுருட்டுபோலப் போகிறது. அந்த உப்பலின் பெயர் ஃப்ரெனெல் மண்டலம். 5.8 கிகாஹெர்ட்ஸில் 5 கிலோமீட்டர் இணைப்புக்கு நடுப்புள்ளியில் அதன் ஆரம் சுமார் 8 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது, அதாவது பார்வைக் கோட்டைச் சுற்றி 5 மீட்டர் அளவுக்கு, தடையில்லாமல் இருக்க வேண்டும். மர உச்சியை உரசிக்கொண்டு போகும் கோடு இலையுதிர்ந்த காலத்தில் வேலை செய்யும். துளிர்த்து நனைந்த பிறகு படுத்துவிடும். மரம் வளரும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இரண்டாம் படி: சேனலைத் தேர்ந்தெடுத்தல்

ரேடியோவில் இருக்கும் அலைவரிசை ஆய்வுக் கருவியை டவரின் உச்சியிலிருந்தே ஓட்டுங்கள், தரையிலிருந்து அல்ல. காலை பத்து மணிக்கு ஓட்டிவிட்டு "சுத்தமாக இருக்கிறது" என்று எழுதிவிடாதீர்கள். எல்லோரும் வீடு திரும்பிய மாலையில் ஒருமுறை ஓட்டுங்கள். ஒரு முன்னெச்சரிக்கை: பல ரேடியோக்களில் ஆய்வு ஓடும்போது கிளையன்ட்கள் எல்லாம் அறுந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் செக்டரில் சொல்லாமல் கொள்ளாமல் அழுத்தும் பொத்தான் அல்ல அது.

சேனல் அகலத்தில் பேராசை வேண்டாம். 20 மெகாஹெர்ட்ஸிலிருந்து 40க்குப் போனால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது உண்மை. அதே நேரம் ரேடியோ கேட்கும் வெப்ப இரைச்சல் 3 டெசிபல் கூடுகிறது. வெளி இரைச்சலைச் சந்திக்கும் வாய்ப்பும் இரட்டிக்கிறது. விளிம்பில் இருக்கும் கிளையன்ட்கள் மாடுலேஷனில் இறங்கினால், அகலத்தால் வந்த ஆதாயத்தை அவர்களே தின்றுவிடுவார்கள். நெரிசலான இடத்தில் சுத்தமான 20, அழுக்கான 40ஐவிட நன்றாக ஓடியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

5 கிகாஹெர்ட்ஸில் 5250–5350, 5470–5725 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் பல நாடுகளில் ரேடாருக்கே முதலிடம். அங்கே ரேடியோ தொடங்குமுன் 60 நொடி காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். ரேடார் துடிப்பு தெரிந்தால் சேனலை விட்டு விலகி, 30 நிமிடம் அந்தப் பக்கமே வரக்கூடாது. ஐரோப்பாவில் வானிலை ரேடார்கள் இருக்கும் 5600–5650 பகுதியில் தொடக்கக் காத்திருப்பு 10 நிமிடம். ரேடியோ "கெட்டுப்போய்" பத்து நிமிடம் வரவில்லை என்று டவரில் ஏறியவர்கள், மேலே போய்ச் சேர்வதற்குள் அது தானாக வந்துவிட்டதைக் கண்டு விழித்த கதைகள் உண்டு.

மூன்றாம் படி: எல்லாவற்றையும் மேசைமேல் அமைத்துவிடுங்கள்

டவர்மேல் மடிக்கணினியைத் திறப்பவர் மேசையில் செய்ய வேண்டியதைச் செய்யாதவர். ஆக்சஸ் பாயிண்ட்டையும் இரண்டு கிளையன்ட்களையும் ஒரே அறையில் வைத்து, திறனை மிகக் குறைத்து, முழு அமைப்பையும் ஓட்டிப் பாருங்கள். திறனைக் குறைக்காவிட்டால் −30 டிபிஎம் போன்ற அளவில் வாங்கியின் காது அடைத்துவிடும். ரேடியோ கோளாறு என்று தவறாக நினைப்பீர்கள்.

மேசையில் செய்ய வேண்டியவை இந்த வரிசையில்:

1. ரேடியோவின் உள்மென்பொருளான ஃபார்ம்வேரைப் புதுப்பியுங்கள். எல்லாவற்றிலும் ஒரே பதிப்பு இருக்கட்டும்.
2. தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். யுபிக்விட்டி நிறுவனத்தின் ரேடியோ என்றால் 192.168.1.20 என்ற முகவரியில் விழித்துக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரிவதுபோலவே உலகத்துக்கும் தெரியும்.
3. ஒவ்வொன்றுக்கும் பெயர் வையுங்கள். டவர், செக்டரின் திசை, வரிசை எண் ஆகியவை பெயரிலேயே தெரிய வேண்டும். "கிளையன்ட்-புதிது-2" என்ற பெயர் ஆறு மாதத்தில் யாருக்கும் புரியாது.
4. நிர்வாக ஐ.பி. முகவரிகளுக்குத் தனி வரம்பு ஒதுக்கி, நிரந்தரமாகக் கொடுங்கள்.
5. நேரத்தைச் சேவையகத்திலிருந்து எடுக்கும்படி வையுங்கள். 1970ஆம் ஆண்டு என்று காட்டும் பதிவேடு பழுது பார்க்கும்போது உதவாது.
6. தேவையில்லாத சேவைகளை, முக்கியமாகக் குறியாக்கம் இல்லாத தொலைநுழைவுச் சேவையான டெல்நெட்டை, அணைத்துவிடுங்கள்.
7. அமைப்புக் கோப்பைச் சேமித்து வேறிடத்தில் வையுங்கள்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. கேபிள் வழியே மின்சாரம் தருவதில் தர நெறிப்படி எதிர்முனைக் கருவி ஏற்குமா என்று முதலில் கேட்டு, பிறகு 48 வோல்ட் அளவில் கொடுப்பது ஒரு வகை. கேட்காமலே 24 வோல்ட்டை 4-5, 7-8 கம்பி இணைகளில் தள்ளுவது இன்னொரு வகை. இரண்டுக்கும் ஒரே மாதிரி சாக்கெட். 24 வோல்ட் ரேடியோவில் கேட்காமல் 48 வோல்ட் தள்ளும் இன்ஜெக்டரைச் செருகினால் புகை வரும். இன்ஜெக்டரையும் ரேடியோவையும் ஒரே நிற நாடா ஒட்டி இணையாக வைத்துவிடுவது என் பழக்கம்.

நான்காம் படி: ஆக்சஸ் பாயிண்ட்டின் உள்ளமைப்பு

சாதாரண வைஃபையில் ஒவ்வொரு கருவியும் பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். காற்று அமைதியாக இருந்தால் பேசும். வெளிப்புற செக்டரில் இது பலிக்காது. ஒவ்வொரு டிஷ்ஷும் டவரை நோக்கியே திரும்பியிருக்கிறது. பக்கத்து வீட்டு டிஷ் பேசுவது அதற்குக் கேட்காது. இருவரும் ஒரே நேரத்தில் பேச, டவரில் இரண்டும் மோதிச் சிதறும். ஆகவே ஆக்சஸ் பாயிண்ட்டே நேரத்தைத் துண்டு போட்டு, யார் எப்போது பேசலாம் என்று சொல்லும் முறையை இயக்குங்கள். யுபிக்விட்டியில் ஏர்மேக்ஸ், மைக்ரோடிக்கில் என்வி2 என்று பெயர்கள் வேறு வேறு. கேம்பியத்தின் பிஎம்பி 450 போன்றவை பிறந்ததிலிருந்தே இந்த முறையில்தான் பேசுகின்றன. ஒன்றின் முறை மற்றொன்றுக்குப் புரியாது. ஒரு செக்டரில் இரண்டு நிறுவனக் கருவிகளைக் கலக்க முயன்றால் சாதாரண வைஃபைக்கு இறங்க வேண்டியிருக்கும், முயலாதீர்கள்.

அடுத்து, அதிகபட்சத் தூரம். ஒளியின் வேகத்தில் ஒரு கிலோமீட்டர் கடக்க 3.3 மைக்ரோநொடி, 10 கிலோமீட்டர் போய்த் திரும்ப 67. இந்த அமைப்பைக் குறைவாக வைத்தால் தொலைவில் உள்ளவர்கள் சேரவே மாட்டார்கள், அல்லது சேர்ந்து சேர்ந்து அறுவார்கள். தேவைக்கு மேல் வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் காத்திருப்பில் நேரம் வீணாகும். தொலைவிலுள்ள கிளையன்ட்டுக்குச் சற்றே மேலாக வையுங்கள்.

இறங்கு–ஏறு விகிதம்: வீட்டு வாடிக்கையாளர்களுக்கு 75க்கு 25 நல்ல தொடக்கம். கேமராக்களை மட்டும் சுமக்கும் செக்டர் என்றால் இதையே தலைகீழாக வைக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிட்டு, கேமராப் படம் உறைகிறது என்று சிக்னலைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஒரே டவரில் ஒன்றுக்கு மேற்பட்ட செக்டர்கள் இருந்தால் ஜிபிஎஸ் ஒத்திசைவு இல்லாமல் தொடங்காதீர்கள். ஓர் ஆக்சஸ் பாயிண்ட் முழுத் திறனில் அனுப்பிக்கொண்டிருக்கும்போது, ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் இன்னொன்று பல கிலோமீட்டர் தாண்டி வரும் மெல்லிய குரலைக் கேட்கப் பார்க்கிறது. மேடையில் ஒருவர் ஒலிபெருக்கியில் கத்த, பக்கத்தில் நிற்பவர் கடைசி வரிசையின் முணுமுணுப்பைக் கேட்பதற்கு ஒப்பானது. ஜிபிஎஸ் கடிகாரத்தைக் கொண்டு எல்லாமும் ஒரே கணத்தில் அனுப்பி, ஒரே கணத்தில் கேட்கும்படி செய்தால் இந்தச் சண்டை ஓயும். அதற்கு எல்லா ஆக்சஸ் பாயிண்ட்களிலும் சட்டக நீளம் (ஓர் அனுப்பு–கேட்பு சுற்றின் காலம்), இறங்கு–ஏறு விகிதம், அதிகபட்சத் தூரம் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 75/25, இன்னொன்றில் 50/50 என்றால் ஜிபிஎஸ் பூட்டியிருக்கிறது என்று பச்சை விளக்கு எரிந்தும் பயனில்லை.

ஒத்திசைவு சரியாக அமைந்தால் 90 பாகையுள்ள நான்கு செக்டர்களை இரண்டே சேனல்களில் ஓட்டலாம்: வடக்கும் தெற்கும் ஒரு சேனல், கிழக்கும் மேற்கும் இன்னொரு சேனல். முதுகோடு முதுகு நிற்கும் செக்டர்கள் ஒரே சேனலில் இருப்பதால், பின்பக்கம் கசியாத நல்ல ஆன்டெனா கட்டாயம்.

பாதுகாப்புக்குக் குறைந்தது டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் குறியாக்கத்துடன். கிளையன்ட்கள் பெருகினால் ரேடியஸ் என்னும் அடையாளச் சரிபார்ப்புச் சேவையகம் வழியே ஒவ்வொருவருக்கும் தனி அடையாளம் கொடுங்கள். ஒரே பொதுச் சாவி ஒருநாள் எல்லாக் கைகளிலும் இருக்கும்.

ஐந்தாம் படி: டவரில் ஏற்றுதல்

டவர் ஏறுவது பயிற்சி பெற்றவர்களின் வேலை, முழு உடல் கவசப் பட்டையுடன். இதில் விவாதமே இல்லை.

கேபிள் வெளிப்புறத்துக்கானதாக, உலோக உறையுள்ளதாக இருக்கட்டும். ரேடியோவிலிருந்து நேராகக் கீழே இழுக்காமல் ஒரு வளையம் தொங்கவிடுங்கள். மழைநீர் அந்த வளையத்தின் அடியில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது. மின்னெழுச்சித் தடுப்பான் மேலே ஒன்று, கட்டடத்துக்குள் நுழையுமிடத்தில் ஒன்று. இரண்டும் தரையிணைப்போடு சேராவிட்டால் வெறும் அலங்காரம். மொத்தக் கேபிள் நீளம் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. சுவிட்சுக்குள் போகும் சிறு கேபிளும் அதில் அடக்கம்.

ஆன்டெனாவின் சாய்வில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். டவர் 40 மீட்டர் உயரம், கிளையன்ட்கள் சராசரியாக 2 கிலோமீட்டர் தூரம் என்றால் தேவையான சாய்வு 1 பாகைக்குச் சற்று மேல், அவ்வளவுதான். கண்ணளவில் "கொஞ்சம் கீழே பார்க்கட்டும்" என்று சாய்ப்பவர் ஐந்தாறு பாகை சாய்த்திருப்பார். கற்றை தரையில் குத்தி நிற்கும், தொலைவில் உள்ளவர்கள் தேய்ந்துபோவார்கள். சாய்வுமானியைக் கொண்டு அளந்து வையுங்கள்.

ஆறாம் படி: கிளையன்ட்டைப் பொருத்துதல்

காகிதக் கணக்கின் பலனை இங்கேதான் பார்ப்பீர்கள். ஒருமுறை −63 எதிர்பார்த்த இடத்தில் −81 வந்தது. டிஷ்ஷை இடப்பக்கம் அசைத்தால் குறைகிறது, வலப்பக்கம் அசைத்தாலும் குறைகிறது. உச்சம் பிடித்துவிட்டோம், இதற்கு மேல் இந்த இடத்தில் வராது என்று உடன் வந்தவர் நட்டை இறுக்கத் தொடங்கினார். 18 டெசிபல் பற்றாக்குறைக்குத் தெளிவான வானமும் தடையற்ற பார்வையும் காரணமாக இருக்க முடியாது. நாங்கள் பிடித்திருந்தது டிஷ்ஷின் பக்கக் கதிர். ஒவ்வொரு டிஷ்ஷுக்கும் நடுவில் ஒரு பெரிய மலையும் இருபுறமும் சிறு குன்றுகளும் உண்டு. குன்றின் உச்சியில் நிற்பவருக்கும் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இறக்கம்தான். இருபது பாகை அகலத்துக்கு மெதுவாகத் துடைத்துப் பார்த்தோம். நடுவில் ஒரு பள்ளம் வந்தது, அதைத் தாண்டியதும் சிக்னல் விறுவிறுவென்று ஏறி −64இல் நின்றது.

எனவே எப்போதும் அகலத் துடைப்பு முதலில். இடவலம் முடித்தபின் மேல்கீழ். அசைத்தபின் எண் நிலைபெற இரண்டு மூன்று நொடி பொறுங்கள். சிக்னல் எண் கையைவிட மெதுவாக ஓடும். நட்டை இறுக்கும்போது எண்ணைப் பார்த்துக்கொண்டே இறுக்குங்கள், கடைசிச் சுற்றில் டிஷ் நழுவும்.

இரண்டு முனைவாக்கங்களின் சிக்னலையும் தனித்தனியே பாருங்கள். ஒன்று −64, மற்றது −73 என்றால் ஆன்டெனா முறுகியிருக்கிறது, அல்லது ஓர் இணைப்பில் தண்ணீர் போயிருக்கிறது, அல்லது வழியில் எதுவோ குறுக்கே நிற்கிறது. இரண்டுக்கும் இடையே மூன்று நான்கு டெசிபலுக்குள் வேறுபாடு இருந்தால் நிம்மதியாக இறங்கலாம். மிக அருகில் இருக்கும் வீடுகளில் சிக்னல் −40க்கு மேல் போனால் திறனைக் குறையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கத்துவதால் அவருக்கு வேகம் கூடுவதில்லை. மற்றவர்களுக்கு இரைச்சல்தான் கூடுகிறது. தானியங்கித் திறன் கட்டுப்பாடு இருந்தால் இயக்கிவிடுங்கள்.

இறங்குவதற்கு முன் இரு திசை சிக்னல், இரைச்சல், மாடுலேஷன், கேபிளின் வேகம், பொருத்திய கம்பத்தின் புகைப்படம் எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள். ஓராண்டு கழித்து "முன்பு எப்படி இருந்தது?" என்ற கேள்விக்கு இந்தப் பதிவைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

ஏழாம் படி: ரேடியோவின் மேல் ஓடும் நெட்வொர்க்

நிர்வாகப் போக்குவரத்துக்குத் தனி வீலான் (ஒரே கம்பியில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்), வாடிக்கையாளர் போக்குவரத்துக்குத் தனி வீலான். வாடிக்கையாளரின் கணினியிலிருந்து ரேடியோவின் நிர்வாகப் பக்கம் திறக்கவே கூடாது. 2016 மே மாதம் பழைய ஃபார்ம்வேரில் ஓடிய யுபிக்விட்டியின் ஏர்ஓஎஸ் ரேடியோக்களில் ஒரு புழு நிரல் பரவி, பல நெட்வொர்க்குகளில் அமைப்புகளைத் துடைத்துப் போட்டது. அது நுழைந்த ஓட்டைக்கு 2015ஆம் ஆண்டே திருத்தம் வந்துவிட்டது. புதுப்பிக்காததோடு, நிர்வாகப் பக்கத்தை எல்லோருக்கும் திறந்து வைத்ததும் சேர்ந்துதான் அத்தனை இழப்பு.

கிளையன்ட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பை ஆக்சஸ் பாயிண்ட்டில் இயக்குங்கள். வாடிக்கையாளர் தன் வீட்டு ரௌட்டரைத் தலைகீழாகச் செருகி, செக்டர் முழுவதற்கும் ஐ.பி. முகவரி வழங்கத் தொடங்கும் நாள் நிச்சயம் வரும். இந்த ஓர் அமைப்பு அதை அவர் வீட்டோடு நிறுத்திவிடும். எல்லோருக்கும் அனுப்பப்படும் செய்திகள் பல ரேடியோக்களில் தாழ்ந்த மாடுலேஷனில் போகின்றன. எனவே அவற்றுக்கு ஒரு வரம்பு வையுங்கள். வேக வரம்பை வாடிக்கையாளரின் கிளையன்ட்டிலேயே வைப்பது நல்லது. ஏறுதிசைப் பொட்டலம் காற்றில் ஏறி, நேரத்தைத் தின்றுவிட்டு வந்தபின் டவரில் தூக்கி எறிவதில் என்ன லாபம்?

அன்றாட நிர்வாகம்: தொலை முனை முதலில்

முப்பது கூரைகளுக்கும் ஏணி போடாமல் மாற்றங்கள் செய்வதுதான் நிர்வாகத்தின் உண்மையான கலை. விதி எளிது: எந்த மாற்றம் இணைப்பை அறுக்குமோ அதைத் தொலைவிலுள்ள முனையில் முதலில் செய்யுங்கள், அருகிலுள்ள முனையில் கடைசியில். நிர்வாக வீலானை மாற்றும்போது கிளையன்ட்கள் ஒவ்வொன்றாகக் கண்ணைவிட்டு மறையும். மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு முடித்துவிட்டு, கடைசியில் டவரை மாற்றினால் எல்லாம் திரும்பி வரும். பாதுகாப்புச் சாவிக்கும் இதே வரிசைதான். ஃபார்ம்வேரில் ஒரே ஒரு கிளையன்ட்டில் முதலில் சோதித்து, ஒரு நாள் பார்த்து, பிறகு எல்லாக் கிளையன்ட்களும், கடைசியில் ஆக்சஸ் பாயிண்ட்.

சேனல் மாற்றம் மட்டும் சற்று வேறு. ஆக்சஸ் பாயிண்ட் புதிய சேனலுக்குப் போனதும் கிளையன்ட்கள் தேடிக்கொண்டு பின்னால் வரும் என்று நம்பி ஓர் இரவு மாற்றினேன். முப்பதில் இருபத்தாறு வந்தன. வராத நான்கும் முதல் ஆண்டில் பொருத்தியவை. அப்போதிருந்த நான்கைந்து சேனல்களை மட்டும் தேடும் பட்டியல் அவற்றில் அப்படியே இருந்தது. புதிய சேனல் அந்தப் பட்டியலில் இல்லை. பழைய சேனலுக்குத் திரும்பிப் போய், நான்கும் வந்ததும் பட்டியலைத் திருத்தி, மீண்டும் மாற்றினேன். அன்றிலிருந்து சேனல் மாற்றத்துக்கு முன் எல்லாக் கிளையன்ட்களின் தேடல் பட்டியலையும் ஒரு முறை வாசித்துவிடுகிறேன். மாற்றத்தைத் தானாகப் பின்வாங்கும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். மைக்ரோடிக்கில் சேஃப் மோட் என்று இருப்பது இதற்குத்தான். இணைப்பு அறுந்தால் செய்த மாற்றத்தை அதுவே திரும்பப் போட்டுவிடும்.

கண்காணிப்புக்கு, கருவிகளின் நிலையைக் கேட்டறியும் எஸ்என்எம்பி நெறிமுறை மூலம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்களைச் சேகரியுங்கள். கூடுமானால் கடவுச்சொல்லும் குறியாக்கமும் உள்ள மூன்றாம் பதிப்பில். எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை வைத்தால் ஒரு வாரத்தில் எதையும் பார்க்க மாட்டீர்கள். நான் வைத்திருப்பவை நான்கே: பதிவு செய்த நாளைவிட 6 டெசிபல் குறைந்த கிளையன்ட், 80 விழுக்காட்டுக்கு மேல் காற்று நேரம் தீர்ந்த செக்டர், ஒரு மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் அறுந்து சேர்ந்த கிளையன்ட், வேகம் 10 மெகாபிட்டுக்கு இறங்கிய கேபிள் முனை. கடைசியது சிறியதாகத் தோன்றும். ஆனால் ரேடியோவைக் குற்றம் சொல்லிக் கழித்த மணிநேரங்களில் கணிசமான பங்கு, தண்ணீர் புகுந்த ஒரு கேபிள் முனைக்குச் சொந்தம்.

பழுது வந்தால் எங்கிருந்து தொடங்குவது

முதல் கேள்வி: ஒருவருக்கா, எல்லோருக்குமா? ஒருவருக்கு மட்டும் என்றால் அவருடைய சிக்னலை நிறுவிய நாளோடு ஒப்பிடுங்கள். சிக்னல் குறைந்திருந்தால் டிஷ் நகர்ந்திருக்கிறது, அல்லது மரம் வளர்ந்திருக்கிறது. சிக்னல் அப்படியே இருந்து மாடுலேஷன் மட்டும் குறைந்திருந்தால் இரைச்சல். இரண்டும் நன்றாக இருந்தால் ரேடியோவை விட்டுவிட்டுக் கேபிளையும் அவர் வீட்டு ரௌட்டரையும் பாருங்கள். மழை பெய்யும்போதெல்லாம் அறுகிறது என்று 5 கிகாஹெர்ட்ஸ் கிளையன்ட் ஒருவர் சொன்னால், சில கிலோமீட்டர் தூரத்துக்கு அந்த அலைவரிசையை மழை பெரிதாகத் தின்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். நனைந்த இலை, ஈரம் புகுந்த இணைப்பு, இவற்றில் ஒன்றாக இருக்கும். 60 கிகாஹெர்ட்ஸ் என்றால் மழையையே சந்தேகப்படலாம்.

எல்லோருக்கும் என்றால் ஏறுதிசையையும் இறங்குதிசையையும் பிரித்துப் பாருங்கள். எல்லாக் கிளையன்ட்களின் ஏறுதிசையும் ஒன்றாக மோசமாகி, இறங்குதிசை நன்றாக இருந்தால் டவருக்கு அருகில் புதிதாக யாரோ பேசத் தொடங்கியிருக்கிறார்கள், அல்லது உங்கள் சொந்த செக்டர் ஒன்று ஜிபிஎஸ்ஸை இழந்து தன் போக்கில் கத்திக்கொண்டிருக்கிறது. இரண்டாவதை முதலில் பாருங்கள். அது அடிக்கடி நடப்பது. இரு திசையும் நன்றாக இருந்து காற்று நேரம் மட்டும் தீர்ந்திருந்தால், கிளையன்ட் பட்டியலை மாடுலேஷன் வரிசைப்படி அடுக்கிக் கடைசி மூன்று பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை ஏணி போக வேண்டிய வீடுகள் அவை.